நின்றுபோன விமானமும் என் தலைமுடியும்

மதுக்கரை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் திருமலைசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை நஞ்சம்மாளைக் கைப்பிடித்த காளிச்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் நஞ்சம்மாளும் தென்னைகளும் இரண்டு கறவைகளும் சுகம். காரமடையில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், பேரன் கவினுக்கு இந்தப் பரீட்சையிலாவது கணக்கில் நல்ல மதிப்பெண் வரவும் ரங்கநாதரை வேண்டுகிறேன். வேண்டுகிறேன் என்று எழுதவே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். உங்கள் தங்கை எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அது என் போனாக இருந்தாலும். வாட்ஸ்அப்பில் எழுதினாலோ என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதி முடிப்பதற்குள் அவள் படித்து முடித்துவிடுவாள். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரகசியம் என்றால் அது காகிதத்தில்தான் பத்திரமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அரையாண்டு விடுமுறைக்கு நாங்கள் போகவிருந்த அந்தமான் பயணம், விமானம் ரத்தாகி நின்றுபோனது தங்களுக்குத் தெரியும். நம் சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். அதை நிறுத்தியவன் நான்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மகன் கிருபாசங்கர் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அப்பா, நீங்களும் அம்மாவும் இதுவரைக்கும் ஃப்ளைட்ல ஏறுனதே இல்லீங்களே, டிக்கெட் போட்டுட்டேனுங்க" என்று சொன்ன அன்றைக்கு ஆரம்பித்தது வினை. மச்சான், தங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு விமானம் என்றால் பயம். சொசைட்டிக் கூட்டத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களை எழுந்து நின்று எதிர்த்துப் பேசியிருக்கிறேன், அப்போதெல்லாம் காலுக்குக் கீழே தரை இருந்தது. அந்தமானுக்கோ கீழே தரைகூடக் கிடையாது, கடல். இதை மகனிடம் எப்படிச் சொல்வது? அவன் ஆசையாக டிக்கெட் போட்டிருக்கிறான். மருமகள் சண்முகப்பிரியா எனக்குத் தொப்பி வாங்கி அனுப்பியிருக்கிறாள். பேத்தி ரித்திகா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் தங்கை, கல்யாணமானதிலிருந்து சேலையைத் தவிர எதையும் உடுத்தாதவள், சுடிதார் தைத்து, ஷூவும் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு தென்னைகளுக்கு நடுவில் நடந்து பழகினாள். அவள் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த ஷூவைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வருமா?

ஆகவே ஒரு காலை நேரத்தில், பல் துலக்கிக்கொண்டே, காரமடை இருக்கும் திக்கைப் பார்த்து நின்று, "ரங்கநாதா, இந்த விமானம் மட்டும் நின்னு போகட்டும், உன் சன்னதிக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் முடியைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த வயதில், சாயம் பூசாமல், நடுவில் ஒரு காசு அளவுகூட விழாமல் வைத்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் என் வயதுக்காரர்கள் என் தலையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். அதைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன் என்றால் என் பயம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் குடும்பமும் இங்கே வந்துசேர்ந்து, எல்லாருமாக விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றோம், கிருபாவின் போனில் குறுஞ்செய்தி வந்தது, செயல்பாட்டுக் காரணங்களால் மேற்படி விமானம் ரத்து என்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனந்தக் கண்ணீர். பேத்தியும் அழுதாள், அவள் அழுதது வேறு காரணம். நான் மட்டும் சிரித்த முகமாக நின்றால் மாட்டிக்கொள்வேனே என்று பயந்து, நேராகக் கவுண்டருக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம், "ஏனுங்க அம்மணி, ஒரு குடும்பத்தோட சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட உங்களுக்கு எப்படி மனசு வருது?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். அந்தப் பெண், "சாரிங்க அங்கிள், எங்க கையில எதுவும் இல்லீங்க" என்று சொல்லி எனக்கு ஒரு பழச்சாறும் கொடுத்தாள். என் வேண்டுதலுக்கு நானே போய் இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் திட்டினேன் பாருங்கள், அந்தப் பழச்சாற்றைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. லீவு போட்டாயிற்று, பெட்டி கட்டியாயிற்று, எங்கேயாவது போயே தீர வேண்டும் என்று பெட்டிகள் மேலேயே உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஊட்டி என்றான் மகன், அன்றைக்கான இ-பாஸ் தீர்ந்துவிட்டது. மூணாறு என்றாள் மருமகள், ரித்திகாவுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். கடல்தான் வேண்டும் என்றாள் ரித்திகா. இருக்கிற இடத்துக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தும் ஒரு அறை காலியில்லை. கடைசியில் மருமகளின் சிநேகிதி மேக்னா நடத்தும் விடுதி, ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது, அங்கே மட்டும் இரண்டு அறை கிடைத்தது. ஏன் கிடைத்தது தெரியுமா? அங்கே வரவேண்டிய ஹைதராபாத் குடும்பத்தின் விமானமும் ரத்தாம். ஒருத்தன் முடிக்காக ரங்கநாதர் எத்தனை விமானத்தை நிறுத்தினாரோ தெரியவில்லை.

அப்போதுதான் நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். "ஆனைமலைக்கே போலாமுங்க. மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரலாம். இந்தப் ப்ளேன நிப்பாட்டுனவிய ஆருன்னு ஆத்தாளுக்குத் தெரியாமலா போகும்? அவிய கண்ணு எரியோணும்!"

மச்சான், எனக்குக் காது அடைத்துப்போயிற்று. அந்தக் கோயிலில் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசினால், தப்பு செய்தவன் எங்கே ஒளிந்தாலும் உடம்பு எரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்பெனிக்காரர்கள்தான் நிறுத்தினார்கள் என்று மற்றவர்கள் நினைக்கலாம், அம்மனை ஏமாற்ற முடியுமா? "ஆனைமலைப் பக்கம் யானை வருமாமே" என்றேன். "யானையா!" என்று ரித்திகா அழுகையை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான், ஆனைமலை முடிவாகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையால் என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

கோயிலில் உங்கள் தங்கை மிளகாய் வாங்கிக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "நீ எதுக்கு கஷ்டப்படறே, நான் அரைக்கறேன் குடு" என்றேன். நான் அரைத்தால் மனதுக்குள் மனுவை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. "மனசு நொந்தவிகதானுங்க அரைக்கோணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் அரைக்க அரைக்க, பக்கத்தில் நின்று அம்மனிடம் ஓர் ஆட்சேபணை மனு போட்டேன். தாயே, இது கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, உயிர்ப் பயத்தில் செய்தது, விண்ணப்பதாரர் என் மனைவி என்பதையும் கருத்தில் கொள்ளவும் என்று. அரைத்து முடித்து அவள் எழுந்திருக்கக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தேன். மச்சான், கண் எரிந்தது பாருங்கள்! அம்மன் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டாள் என்று நினைத்து அங்கேயே குந்தி உட்கார்ந்து, "தாயீ, தப்புத்தான் தாயீ" என்று கத்திவிட்டேன். நல்லவேளை, பக்தியில் கத்துகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மருமகள் ஓடிப்போய்த் தயிர் வாங்கி வந்தாள். நஞ்சம்மாள் என் தலையை மடியில் சாய்த்துச் சுடிதார் துப்பட்டாவால் ஒத்தி எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து எல்லாம் மாறிவிட்டது. தோப்பை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. ரித்திகா அதற்குள் இறங்கியவள் வெளியே வரவில்லை, கடலைப் பற்றிய பேச்சே இல்லை. கிருபா மடிக்கணினியைத் திறக்கவில்லை, மகளோடு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவன் அப்படிக் கத்திச் சிரித்து நான் கேட்டு வெகுகாலமாயிற்று. மறுநாள் ஆழியாறு போய் மீன் வறுவல் சாப்பிட்டோம். இன்னொருத்தர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டு, "உப்புக் கம்மி, காரமும் பத்தல" என்று உங்கள் தங்கை குறை சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! மத்தியானத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்கினாள் மச்சான், பட்டப்பகலில், குறட்டை விட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து தென்னை ஓலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலுக்குக் கீழே தரை இருந்தது. மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. யானை வரவில்லை.

இப்போது பாக்கி இருப்பது மொட்டை ஒன்றுதான். மாசித் தேருக்குள் போட்டுவிட வேண்டும், தெய்வத்திடம் தவணை சொல்ல முடியாது. ஆனால் திடீரென்று மொட்டைத் தலையோடு வந்து நின்றால் எதற்கு என்று நஞ்சம்மாள் கேட்பாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது, மூக்கு சிவந்துவிடும். உண்மையைச் சொன்னாலோ, அவள் ஆசை ஆசையாக வாங்கிய ஷூ வீட்டு வாசலிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? அவள் மனம் நோகக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஆகையால் தாங்கள் ஓர் உபகாரம் செய்ய வேண்டும். எனக்கு முழங்கால் வலி வந்தபோது, குணமானால் மாப்பிள்ளைக்கு மொட்டை போடுவதாகத் தாங்கள் வேண்டிக்கொண்டதாகவும், அதை மறந்தே போய்விட்டதாகவும், ரங்கநாதர் கனவில் வந்து ஞாபகப்படுத்தியதாகவும் தங்கைக்குப் போன் செய்து சொல்லுங்கள். ஸ்பீக்கரில்தான் போடுவாள், நானும் கேட்டுத் திடுக்கிட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். கவினுக்கு ஆசீர்வாதம். தங்கள் வீட்டு வாழைத்தார் நல்ல விலைக்குப் போகட்டும், போர் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும். தங்கள் கையில்தான் என் மானம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மூ. காளிச்சாமி

பின்குறிப்பு: அண்ணா, நான் நஞ்சம்மா எழுதறனுங்க. கவருக்கு மேல உங்க மாப்பிள்ளை "மந்தணம்"னு, அதான் ரகசியம்னு, பெருசா எழுதி வெச்சிருந்தாரு. எழுதாம இருந்திருந்தா நான் பிரிச்சிருக்கவே மாட்டனுங்க. அவரு பயந்துக்கறாருன்னு டிக்கெட் போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. நம்ம தோட்டத்துக்கு மேல ப்ளேன் போனாப் போதும், காப்பி டம்ளரக் கீழ வெச்சுப்போட்டு அண்ணாந்து பாக்கறாரு. சோறு எறங்கல மனுசனுக்கு. ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, மகன் மொகம் வாடிப்போயிருமாம். சரீன்னு நானே மாசாணியாத்தாளுக்கு நேந்துக்கிட்டனுங்க, இந்தப் ப்ளேன் நின்னா இவருக்கு மொட்ட போடறேன்னு. எம்முடிய எதுக்குங்க குடுக்கறது, பயந்தது அவருதானுங்களே. ப்ளேன நிப்பாட்டுனவிய கண்ணு எரியோணும்னு சொன்னது சும்மாங்க, மொளகா அரைச்சது நம்ம கெணத்து மோட்டார் வயர அறுத்துட்டுப் போனவனுக்கு. அன்னைக்கே கோயில்ல மொட்டையப் போட்டுரலாம்னுதான் அவரக் கூட்டிட்டுப் போனேன், கண்ணு எரிஞ்சு கத்தற மனுசங்கிட்ட எப்படிங்க சொல்றது? அந்த ஷூ தோட்டத்துல முள்ளுக்குத் தோதா இருக்குதுங்க, அதுக்கு இவரு வருத்தப்பட வேண்டாம். நீங்க அவரு சொன்னாப்புலயே கனவு வந்துச்சுன்னு போன் பண்ணுங்க, நானும் நம்பிக்கறேன். ஒரு தலைக்கு ரெண்டு வேண்டுதல் ஆயிப்போச்சு, ஒரு மொட்டை ரெண்டு சாமிக்கும் செல்லுமான்னு கோயில்ல கேட்டுச் சொல்லுங்க. செல்லாதுன்னாலும் காரமடையில சீக்கிரமாப் போட்டுருங்கண்ணா. கிருபா சித்திரையில மறுக்காவும் டிக்கெட் போடறானாம், அதுக்குள்ள அடுத்த வேண்டுதலுக்கு இவருக்கு முடி வளந்தாகோணும்.