கசாயத்தார் இருமிய காலை

பதுளையிலிருந்து பசறை வரைக்கும் உள்ள மலைகளில் கசாயத்தாரின் எதிரில் இருமிவிட்டுத் தப்பித்த மனிதர் ஒருவரும் கிடையாது. மனிதர் என்ன, பங்களா நாய்கூடத் தப்பவில்லை. பெரிய துரையின் நாய் ஒரு நாள் தொண்டையைச் செருமியது. மறுநாளிலிருந்து அது கசாயத்தாரைக் கண்டால் ரோஜாப் பாத்திக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அறுபதுகளின் கடைசியில் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் தொழிற்சாலைக் கிளாக்கராக இருந்தேன். கசாயத்தார் அங்கே அடுப்புக்காரர். தேயிலை காயவைக்கும் இயந்திரத்தின் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. அது சம்பளத்துக்கு. உண்மையான தொழில், இருமுகிறவர்களைப் பிடிப்பது. பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால், மற்றவர்கள் போஞ்சிக் கொடி போட்ட இடத்தில் அவர் ஆடாதோடையும் தூதுவளையும் கற்பூரவள்ளியும் வளர்த்தார். பழைய கோட்டின் உள்பையில் எந்நேரமும் ஒரு சோடாப் போத்தல். அதில் ஆடாதோடை இலை, மிளகு, சுக்கு போட்டுச் சுண்டக் காய்ச்சிய கறுப்புக் கசாயம். அதன் கசப்பு வாயில் அடுத்த சம்பளம் வரைக்கும் நிற்கும். கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஆளில்லை அவர். குடிக்கிறவரின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நகர்வார்.

இருமலைக் காதால் பிரிப்பார். ஆட்டு இருமல், தகர இருமல், மேட்டில் ஏறுகிற லொறி இருமல். தீர்ப்பு பாதி நேரம் தப்பாக இருக்கும். சோறு சாப்பிடும்போது எனக்குப் புரையேறியதை லொறி இருமல் என்று சாதித்துப் போத்தலைக் காலியாக்கினார். ஆனால் நெஞ்சு விசிலடித்து மூச்சு வாங்குகிறவர்களுக்கு மட்டும் போத்தலைத் திறக்கமாட்டார். "இருமல் நம்ம கேஸு, இழுப்பு மருந்தையா கேஸு" என்று ஆளைக் கைத்தாங்கலாகத் தோட்டத்து மருந்தறைக்கே கொண்டுபோய் விடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நிதானம் இருந்தது.

மற்றதில் கிடையாது. ஒரு தடவை பதுளையிலிருந்து வந்த பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் இருமினார். வளைவுக்கு வளைவு பஸ் குலுங்கியதால் போத்தலைத் திறக்க முடியவில்லை. அந்த மனிதர் இறங்கிய இடத்தில் இவரும் இறங்கி, குடிக்கவைத்து, மழையில் நடந்தே தோட்டம் வந்து சேர்ந்தார். அவர் மகளைப் பெண் பார்க்கப் பண்டாரவளையிலிருந்து வந்த மாப்பிள்ளை முறுக்கைக் கடித்ததும் இருமினார். பெண் தேத்தண்ணீரோடு வருவதற்குள் அப்பா போத்தலோடு வந்துவிட்டார். கலியாணம் எப்படியோ நடந்தது. மாப்பிள்ளை மட்டும் அதன் பிறகு மாமனார் வீட்டில் இருமவேயில்லை, வெளியே போய்த்தான் இருமினார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் எதிரி, டீமேக்கர் ஐயா. தொழிற்சாலைக்குப் பொறுப்பு அவர்தான். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் உள்ளே பெண்கள் பூ வைக்கக்கூடாது, தைலம் தடவக்கூடாது, தோடம்பழம் உரிக்கக்கூடாது. கசாயத்தாரின் கோட்டு வாசலுக்கு வெளியே ஆணியில் தொங்கவேண்டும். தூள் சலிக்கிற பெண்கள் தூசியில் இருமும்போதெல்லாம் இவர் வாசலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அந்த வருட மழையில் டீமேக்கருக்கே சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டது. வாசம் தெரியாத டீமேக்கர் தோட்டத்துக்கு எதற்கு? ஏற்கெனவே ஒரு தடவை கொழும்பிலிருந்து தேயிலையைப் பற்றிக் குறை வந்திருந்தது. இன்னொன்று வந்தால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று துரை சொல்லியிருந்தார். மறுநாள் காலை துரை ருசி பார்க்க வருகிறார். மனிதர் பதறிப்போய், தனக்குப் பதிலாக என்னை மோந்து பார்க்கச் சொன்னார். எனக்குத் தேயிலைக்கும் வைக்கோலுக்கும் வித்தியாசம் தெரியாது.

சாயந்திரம் அவர் அடுப்படிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"கசாயம், மூக்கு அடைச்சிருக்கு. வெளிய யாருக்கும் தெரியக்கூடாது."

கசாயத்தார் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. உடனே வேது பிடிக்க ஏற்பாடு செய்தார். நொச்சியிலையையும் டர்ப்பன்டைன் மரத்து இலையையும் பெரிய பானையில் கொதிக்கவைத்தார். யூகலிப்டஸை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். டீமேக்கரை விறகுக்கட்டையில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்தினார். யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கதவு ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னவர் டீமேக்கர்தான்.

"தலைய வெளிய நீட்டாதீங்க ஐயா. இழுங்க. அட, நல்லா இழுங்கங்கிறேன்."

தொழிற்சாலையையே அதட்டுகிற மனிதர் கம்பளிக்குள் பச்சைப்பிள்ளையாக இழுத்தார்.

காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்துப் புதுத் தேயிலையில் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். டீமேக்கர் முதல் கோப்பையை முகர்ந்தார். "மூக்கு தொறந்துருச்சு தம்பி" என்று என்னைப் பார்த்து மலர்ந்தார். மலர்ந்த முகம் அப்படியே வெளுத்தது. தேயிலையில் நொச்சி மணந்தது.

அடுப்படிச் சூட்டுக் காற்றைத்தான் ஒரு பெரிய விசிறி இழுத்து மேல்மாடிக்கு அனுப்பும். அங்கேதான் கொழுந்தை வாடப் போட்டிருப்பார்கள். கதவு ஜன்னல் சாத்தியிருந்ததால் வேதின் ஆவி முழுக்க அந்த வழியாகவே போயிருக்கிறது. ஒரு மூக்குக்காகப் போட்ட வேதை அன்றைய கொழுந்து மொத்தமும் பிடித்திருந்தது. பூவுக்கும் தோடம்பழத்துக்கும் சட்டம் போட்டவருக்கு இது தோன்றவேயில்லை.

துரை வந்தார். ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். "இது தேத்தண்ணியா மருந்தா? யாரு செஞ்ச வேலை?"

டீமேக்கர் வாயைத் திறக்கும் முன் கசாயத்தார் வந்து நின்றார். "நான்தாங்க தொரை. எனக்குச் சளி. ஐயாவுக்குத் தெரியாம வேது புடிச்சேன்."

சலிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஆயுளில் தனக்குச் சளியே பிடித்ததில்லை என்று தோட்டம் முழுக்கப் பெருமையடித்தவர் அவர். துரைக்கும் அது தெரியும். "உனக்கா?" என்றார்.

கசாயத்தார் இருமிக் காட்டினார். அதை இருமல் என்று சொன்னால் இருமலுக்கு அவமானம். ஏப்பத்தில் தொடங்கி, கோழி மாதிரிக் கொக்கரித்து, நடுவில் வழி தெரியாமல் நின்றுவிட்டது. ஊர் இருமலையெல்லாம் பெயர் சொல்லிப் பிரித்தவருக்குச் சொந்தமாக ஒன்று வரவில்லை. மறுபடி முயன்றார். முந்தியதைவிட மோசம். ஒரு பெண் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். துரை மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார்.

டீமேக்கர் மட்டும் சிரிக்கவில்லை. "சளி எனக்குத்தாங்க தொரை. வேது புடிச்சது நான். இவன் வேலையில கை வச்சிராதீங்க" என்றார்.

துரை இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மூக்கு இப்போது வேலை செய்கிறதா என்று கேட்டார். தேயிலை கெட்டதை முதலில் மோந்தவனே நான்தான் என்றார் டீமேக்கர். அந்தத் தேயிலை கொழும்புக்குப் போகக்கூடாது, இனி யார் வேது பிடித்தாலும் ஆற்றங்கரையில் போய்ப் பிடிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுத் துரை கிளம்பினார். யாரும் மூட்டை கட்டவில்லை. தேயிலையை லயங்களுக்குப் பங்கிட்டோம். மழை முடியும் வரைக்கும் தோட்டமே நொச்சி மணக்கத் தேத்தண்ணீர் குடித்தது. அதே தூள் இன்னும் இருக்கிறதா என்று சிலர் என்னிடம் வந்து கேட்டார்கள்.

பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். தன் தப்பை அடுத்தவன் தலையில் கட்டியவர்களைத்தான் அதிகம் கண்டேன். ஆகாதவனுடைய வேலை போய்விடக் கூடாதென்று, வராத இருமலை இழுத்து இழுத்து இருமியவர் அவர் ஒருவர்தான். நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிவதற்குள் கண் நிறைந்துவிடுகிறது. நான் கேட்ட இருமல்களிலேயே எனக்கு மிகவும் பிரியமானது அதுதான்.