மூன்றாம் பாகம் தேடுகிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் பஸ் ஏறுகிற கூட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கல்யாணத்துக்குப் போகிறவரைப் பட்டுப்புடவை காட்டிக்கொடுத்துவிடும். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மலையேறப் போகிறவரைத் தேங்காய்ப் பை காட்டிக்கொடுக்கும். ஆனால் காலியான பெரிய துணிப்பை ஒன்றை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் எதிர்ப்படுகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசி வரிசை ஜன்னலோரம் போய்ச் சட்டென்று உட்காருகிறாரே ஒருவர், அவர் எங்கே போகிறார்? வீட்டில் கேட்டால் "ஒரு ஆளப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். பார்க்கப்போவது ஆளை அல்ல. வாசகரே, இவர்தான் பழசு வேட்டைக்காரர்.

மாமல்லபுரத்துக்கு இவர் கல் ரதம் பார்க்கப் போவதில்லை. பதினோரு வருஷமாகப் போகிறவர், கடற்கரைக் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிப்பார். லாட்ஜுகளில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டி கனக்கிறது என்று படித்து முடித்த புத்தகங்களைக் கட்டிலடியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அறையைப் பெருக்குகிறவர்கள் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போடுகிறார்கள். அதில் பாதி சமையலும் தியானமும். மீதியில் எங்கேயாவது ஒன்று, அட்டையில் விண்கலமும் இரண்டு சூரியனும் போட்ட விஞ்ஞானக் கதையாக இருக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பஸ் பிரயாணம்.

இந்த இனத்தில் பொம்மைக் கிளை என்று இன்னொன்றும் உண்டு. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் கிஷோரை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது. ஜப்பான்காரர்களின் அனிமே என்கிற கார்ட்டூன் படங்களில் நீல முடியும் தன்னைவிட நீளமான கத்தியுமாக வருகிறார்களே, அவர்களுடைய பொம்மைகள்தான் இவருக்கு உயிர். சங்குக் கடையிலும் திருவிழாக் கடையிலும் சாவிக்கொத்துகளுக்கு நடுவே அப்படி ஒன்று தென்பட்டால், தலைகீழாகத் திருப்பிப் பாதத்தில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் வாங்குவார். வாங்கிய பெட்டியைப் பிரிக்கவே மாட்டார். அக்கா மகள் ஒரு தடவை கை நீட்டியபோது, "தொடாத பாப்பா, அது பொம்ம இல்ல" என்று அலறியிருக்கிறார். குழந்தை அன்றிலிருந்து மாமா வீட்டுக்கு வர யோசிக்கிறது.

கிளை எதுவானாலும் சடங்கு ஒன்றுதான். ஆசைப்பட்ட பொருளை நேராகப் போய்க் கேட்கக்கூடாது. கேட்டால் கடைக்காரர் விலை ஏற்றிவிடுவார். முதலில் வேறு எதையாவது கேட்கவேண்டும். கிஷோர் பிளாஸ்டிக் குவளை கேட்பார். அவர் வீட்டில் இப்போது பத்தொன்பது குவளைகள் இருக்கின்றன. அப்புறம் தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல அந்தப் பொருளை இரண்டு விரலால் தூக்கி, மூக்கைச் சுளித்து, "சே, குப்பை" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டுப் போய் ஒரு டீ குடிக்கவேண்டும். அரைமணி கழித்து வந்து, போனால் போகிறது என்று வாங்கிக்கொள்ளவேண்டும். ரொம்ப உசத்தியான சரக்கென்றால் அரைமணி போதாது. இரண்டு வாரம் ஊறப்போடவேண்டும். முகம் மட்டும் மாறவே கூடாது. மாறினால் தொலைந்தது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே பஸ்ஸில் போகிறவன், அவ்வளவுதான்.

இந்தச் சடங்கில் கரைகண்டவர் ரவிச்சந்திரன். செங்கல்பட்டில் டிராக்டர் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மேலாளர். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் பீரோவிலும் பரணிலும் கட்டிலடியிலும், கடைசியில் சாமி அலமாரியின் கீழ்த்தட்டிலும் புத்தகம். அவர் மனைவி ஜோதிலட்சுமி ஒருநாள், கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"இதுல எத்தனை படிச்சிருக்கீங்க?"

"எல்லாம் செட்டு சேரட்டும், படிக்கலாம்."

"எப்ப சேரும்?"

"சேரும்."

அது சாக்கு அல்ல, கொள்கை. வழிதவறிப்போன ஒரு விண்கலம் வீடு தேடி அலைகிற கதை, மூன்று பாகம். முதல் இரண்டும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் அவருக்குக் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. மூன்றும் சேராமல் முதல் பாகத்தைப் பிரிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். கம்ப்யூட்டரில் தேடி வரவழைக்கலாமே என்பீர்கள். அவரிடம் சொல்லிப் பாருங்கள். வேட்டைக்குப் போகிறவரிடம் கறிக்கடைக்கு வழி சொன்னமாதிரி உங்களைப் பார்ப்பார். பதினோரு வருஷமாக அந்த விண்கலம் அவர் பீரோவில் புறப்படாமல் நிற்கிறது. அது எப்போது புறப்படும் என்பதுதான் அந்த மனிதர் வாழ்க்கையின் ஒரே கேள்வியாக இருந்தது.

போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, லாட்ஜுகளுக்குப் பின்னால் இருக்கும் காசியம்மாளின் பழைய பேப்பர் கடைக்குள் அவர் நுழைந்தார். காசியம்மாள் மீன் ஏலத்தில் பேசிப் பழகிய மனுஷி. தெருக்கோடியில் நின்றாலும் அவர் குரல் கேட்கும். தராசுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலி மேல் ஒரு புத்தகம். பச்சை அட்டை, அதில் விண்கலம். மூன்றாம் பாகம்.

ரவிச்சந்திரனுக்குக் காது சுட்டது. முகம்? இம்மி அசையவில்லை.

"ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி கைடு வந்துதா?"

"வந்துகீது சார், உனுக்குன்னு எட்த்து வச்சிகீறேன். பையன் இன்னும் பாஸ் ஆவலியா? உன்ன நென்ச்சா பேஜாரா கீது சார்."

அவருக்குப் பையனே கிடையாது. ஒரே மகள் வினிதா, கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். ஆனால் முதல் நாள் வாயில் வந்த கைடுதான் வருஷாவருஷம் வந்துகொண்டிருக்கிறது. காசியம்மாள் அந்த இல்லாத பையனுக்காக ஆடி மாதம் கூழ் ஊற்றி வேண்டிக்கொண்டவர்.

ரவிச்சந்திரன் பெருமூச்சு விட்டு, கைடைப் பையில் போட்டார். அப்புறம் இரண்டு விரலால் பச்சைப் புத்தகத்தைத் தூக்கினார்.

"இது என்னம்மா, இந்தக் குப்பையப் போயி மேல எடுத்து வச்சிருக்க?"

"நல்லா கீதுன்னு வச்சேன் சார். லாட்ஜுல ரூம் காலி பண்ண வெள்ளக்காரம்மா குட்த்துது. குடுக்க சொல்ல அதும் கண்ணு கலங்கிப்போச்சு."

"அழாம என்ன பண்ணும், காச குடுத்து வாங்கியிருக்குமில்ல. குப்பைம்மா. எவன் படிப்பான் இத?"

இப்படி ஒரு நடிப்பு! புத்தகத்தைத் தொப்பென்று போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார். வேண்டாத இரண்டாவது டீயையும் குடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக அரைமணி உட்கார்ந்தார். அன்று ராத்திரி எந்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் பாகத்தைப் பிரிப்பது என்பதுவரை அவர் முடிவு செய்திருந்தார்.

திரும்பி வந்தபோது முக்காலி காலி.

"இங்க ஒரு பச்ச புக்கு இருந்துதேம்மா?"

"அதுவா? பீச்சுல வேர்க்கல்ல விக்கிற எல்லம்மா வந்துச்சு. கல்லப் பொட்டலம் மடிக்கப் பேப்பர் கேட்டுச்சு. தூக்கிக் குட்த்துட்டேன்."

"ஐயோ, குடுத்துட்டியா?"

"நீதான சார் குப்பைன்ன? எனுக்கு இன்னா இங்கிலீசு தெரியுமா? படிச்ச மனுசன், இத்தினி வருசமா வர்ற. நீ எத்த குப்பைன்னு சொல்றியோ, அத்ததான் நான் மொதல்ல எல்லம்மாவுக்குப் போடறது. நல்லா கீதுன்னு ஒரு நாளாவது ஒண்ண சொல்லிகீறியா நீ?"

ரவிச்சந்திரனின் முகம் அன்றைக்குத்தான் மாறியது. இரண்டு வாரம் ஊறப்போட்டு, திரும்பி வந்தால் காணாமல்போன புத்தகங்கள் எத்தனை! அத்தனையையும் கிஷோர்தான் அடித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்து, நாலு வருஷமாக அவனுடன் பேச்சே கிடையாது. ஒன்றையும் யாரும் அடித்துக்கொண்டு போகவில்லை. இவர் வாயாலேயே தீர்ப்பு எழுதி, ஒவ்வொன்றாகக் கடற்கரைக்கு அனுப்பியிருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. ஓடினார்.

எல்லம்மாள் மணலில் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தார். புத்தகம் மடியில் இருந்தது. நல்ல வேளையாக முன்பக்கமெல்லாம் அப்படியே இருந்தது.

"பின்னாலேந்து கிழ்ச்சாதான் சார் சுளுவா வரும். பதினாலு பொட்டலம் போய்கீது."

பதினாலு தாள். கதை முடிகிற பதினாலு தாள்! கூடையில் இருந்த கடலையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மடியிலிருந்த புத்தகத்தை மீட்டுக்கொண்டு, மேலாளர் ரவிச்சந்திரன் கடற்கரையில் ஓட ஆரம்பித்தார். அப்போது எதிரே, கையில் இருபதாவது குவளையுடன் கிஷோர்.

"இன்னா அண்ணாத்த, இப்டி ஓட்றீங்க?"

நாலு வருஷக் கோபம் எங்கே போயிற்றோ. "மூணாம் பாகம்... பொட்டலமாப் போயிடுச்சு, தம்பி" என்றார்.

வேறு யாராயிருந்தாலும் விளக்கம் கேட்டிருப்பார்கள். கிஷோர் கேட்கவில்லை. குவளையில் கடலையை நிரப்பிக்கொண்டு அவரும் ஓடினார். செய்யூரிலிருந்து வேனில் வந்த குடும்பத்திடம் நாலு தாள். போட்டோ எடுத்துக்கொண்டிருந்த புது ஜோடியிடம் இரண்டு. அந்தப் பெண், "வேர்க்கல்லயும் குட்த்து, பேப்பரையும் வாங்கிகினு போறாங்க, லூசுங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். அலையில் நனைந்தது ஒன்று, குதிரைக்காரர் பையில் ஒன்று. இருட்டுவதற்குள் பதின்மூன்று சேர்ந்துவிட்டன.

"நாலு வருஷமா நீதான் என் புக்கெல்லாம் தூக்கிட்டுப் போறன்னு நெனச்சிட்டேன் தம்பி. மன்னிச்சிக்க."

"அட போங்க அண்ணாத்த. சங்குக் கடையில என் பொம்மைங்கள நீங்கதான் ஆட்டயப் போடறீங்கன்னு நான் நென்ச்சுகினு இருந்தேன்."

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பக்க எண் பார்த்து அடுக்கும்போது, ரவிச்சந்திரனின் கண் ஒரு வரியில் விழுந்தது. அப்புறம் அடுத்த வரியில். மணலில் அப்படியே உட்கார்ந்து, முதல் பாகமும் தெரியாமல் இரண்டாம் பாகமும் தெரியாமல், பக்கத்தில் வந்து நின்ற எல்லம்மாளுக்கும் கிஷோருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே பதின்மூன்று தாளையும் படித்தார். விண்கலத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. கப்பல் தலைவிக்குத் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. அது தன் வீடுதானா என்று தெரியவில்லை. கதவைத் திறக்கிறாள். அத்தோடு தாள் தீர்ந்தது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் முழுசாகப் படித்தது அந்தப் பதின்மூன்று தாள்தான்.

"அப்றம் இன்னா ஆச்சு?" என்றார், கூடையை மறந்து கேட்டுக்கொண்டிருந்த எல்லம்மாள். "அந்தப் பொம்பள வூடு போய்ச் சேந்துச்சா இல்லியா?"

"கடைசித் தாள்ல இருக்கும். அது யாருக்குப் போச்சு?"

"அதான் மொத போணி. கண்ணாடி போட்ட சார் ஒருத்தரு. கையில துணிப்பை வச்சிகினு இருந்தாரு."

இந்த இடத்தில் நான் ஓர் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். நான் கண்ணாடி போடுகிறவன். ரவிச்சந்திரன் அந்தக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, மூச்சிரைக்க, "சார், கடலை வாங்கினீங்களா?" என்று கேட்டபோது, தாள் என் சட்டைப்பையில் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்ததுமே அது எதன் கடைசிப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "வாங்கினேன் சார். பேப்பரை அப்பவே தூக்கிப் போட்டுட்டேன். ஏதோ குப்பை" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் முகம் மாறவில்லை.

அதற்குப் பிறகு ரவிச்சந்திரன் திருந்திவிட்டார். காசியம்மாள் எதை நீட்டினாலும் "நல்லா இருக்கும்மா" என்கிறார். அதனால் எதையும் எறிய முடியாமல் அந்தக் கடை நிரம்பி, காசியம்மாள் இப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எல்லம்மாள் ஒவ்வொரு வாரமும், "அந்தப் பொம்பள வூடு சேந்துச்சா சார்?" என்று அவரைக் கேட்கிறாராம். அவரும் கண்ணாடி போட்டவர்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சேர்ந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். கடைசித் தாளை உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இன்னும் படிக்கவில்லை. செட்டு சேராமல் எப்படிப் படிப்பது? ரவிச்சந்திரன் வீட்டுக்குப் போய், "இந்தக் குப்பையெல்லாம் ஏன் சார் அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனிதர் அசைய மாட்டேன் என்கிறார்.

நீங்கள் இப்படிப்பட்ட ஆள் இல்லை, தெரியும். உங்களுக்கு இதில் என்ன தோன்றுகிறது? பாவம், அந்தத் தாளைக் கொடுத்துவிடக்கூடாதா என்றா? அப்படியானால் நீங்கள் பிழைத்தீர்கள். லாட்ஜுகளுக்குப் பின்னால் என்றானே, எந்தத் தெரு என்று சொல்லாமல் விட்டுவிட்டானே என்று ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடியதா? ஓடியிருந்தால் துணிப்பையை மடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் கடைசி வரிசையில் இடம் இருக்கிறது. ஆனால் காசியம்மாள் கடைக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். போன வாரம்கூடப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒன்றும் இல்லை. எல்லாம் குப்பை.