எண்பத்தெட்டாம் கண்ணாடியில் நிகழ்ந்த குமிழிப் போர்

ஆறு வாரம் உயிரணுக்களை ஊட்டி வளர்த்தவனே, அவற்றுள் ஒரு புரதத்தை வாயடைக்கச் செய்தவனே, ஐந்தாண்டு ஆராய்ச்சியில் தலைமயிர் தவிர வேறெதையும் இழக்காத பெருவீரனே, ஐதராபாத் தார்நாக்காவின் தனிச்சுடரே, கொண்டூரி மாருதி பிரசாத்தே, வாழ்க நின் இடுக்கி!

பிற்பகல் மூன்று மணி. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால் ஆய்வுக்கூடத்தின் திரைகள் வீழ்ந்தன. வீரன் முன் கிடந்தது இருவிரல் அகலக் கண்ணாடி. அதன் ஒரு முகத்தில் பதினாறாயிரம் மரபணுக்கள் கண்ணுக்குத் தெரியாப் புள்ளிகளாய் அணிவகுத்து நின்றன. மூலையில் கீறிய எண் நேராகத் தெரிந்தால் புள்ளிகள் மேலே என்பது கூடத்து மரபு. எண் 88, நேராகவே தெரிந்தது. அவன் கையிலோ ஒரே துளி: அப்புரதம் வாயடைத்த உயிரணுக்களின் செய்தி சிவப்பிலும், வாயடைக்காதவற்றின் செய்தி பச்சையிலும் கலந்த துளி. எப்புள்ளி ஒளிர்கிறதோ அம்மரபணு விழித்திருக்கிறது. துளியும் கடைசி, கண்ணாடியும் கடைசி. தவறினால் மறுபடி ஆறு வாரம். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி வழிகாட்டியாம் கைடின் முன் வெறுங்கையோடு நிற்பது தனி.

துளியை வார்த்து, அதன்மேல் மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கினான். அந்தோ! நட்டநடுவே எழுந்தது ஒரு காற்றுக்குமிழி, ஆணவத்தின் அவதாரம், மரபணுக்களின் மார்பில் கூடாரமிட்ட கொடுங்கோலன்! (உண்மையில் கடுகளவுதான், இவ்வளவு பெரிய சொற்களை அதன்மேல் ஏற்றியது நம் குற்றம்.)

புள்ளிக்கண்ணாடிகளை அச்சிடும் நாகமணி எட்டிப் பார்த்தாள். "சார், ஒரு நிமிஷம். மூடறதுக்கு முன்னாடி ஊதிப்..."

"குறுக்கே பேசாதம்மா!" என்று முழங்கினான் வீரன். "இந்தக் குமிழிய ஒழிக்காம இன்னிக்கு டீ தொடமாட்டேன்!"

"ஏற்கெனவே மூணு டீ ஆச்சு சார்," என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

இடுக்கி வலம் சாய்த்தது, குமிழி இடம் பாய்ந்தது. ஊசி இடம் மறித்தது, குமிழி இரண்டாய்ப் பிளந்து இருபுறமும் நகைத்தது. வியர்வை மூக்குநுனியில் தொங்க, மூச்சடக்கி, முதுகு வில்லாய் வளைய, நாற்பது நிமிடம் மல்லாடிய மாருதி, இரண்டையும் ஓரத்துக்குத் துரத்தி, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளி வெடிக்கச் செய்தான். வெற்றி! கண்ணாடி இரவெல்லாம் வெந்நீர்த்தொட்டியில் உறங்கச் சென்றது. வீரன் கூடத்தார் அனைவருக்கும் மிளகாய் பஜ்ஜி வழங்கினான்.

மறுநாள் காலை, கழுவிய கண்ணாடி ஒளிவருடிக்குள் நுழைந்தது. திரை கறுத்தது, கறுத்தே கிடந்தது. சிவப்பில்லை, பச்சையில்லை, பதினாறாயிரத்தில் ஒன்றுகூட விழிக்கவில்லை. மாருதி சாயத்தைப் பழித்தான், இயந்திரத்தைப் பழித்தான், செத்த குமிழியையும் விடாமல் பழித்தான். அவனுக்கு அழுகை வந்தது.

நாகமணி கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எண்பத்தெட்டு சார். இப்படிப் பார்த்தாலும் எண்பத்தெட்டு, அப்படிப் பார்த்தாலும் எண்பத்தெட்டு. அதான் ஊதிப் பாத்தீங்களான்னு கேக்க வந்தேன், மூச்சுக்காத்து பட்டா புள்ளி தெரியும். நீங்க அடிப்பக்கத்துல போட்டுச் சண்டை போட்டிருக்கீங்க."

மாருதி எழுந்து போய்ப் புதிதாக உயிரணுக்களை வளர்க்கப் போட்டான்.