குட்டி யானையில ஏறின டைனிங் டேபிள்

போன சனிக்கிழமை எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணு தான். திருப்பத்தூருக்கு இறங்கி, ஒரு டைனிங் டேபிளும் சேரும் வாங்கிட்டு, மறுபடியும் மலையேறி எங்க ஊரு புதூர்நாடு வந்து சேரணும்.

இதுல இன்னா தப்பு நடக்கப் போவுதுன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

டேபிள் எதுக்குன்னு மொதல்ல சொல்லிடறேன். எங்க வூட்ல எல்லாரும் தரையில உக்காந்து தான் சாப்பிடுவோம். எங்க அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதுல இருந்து தரையில உக்கார முடியல. பொங்கல் சீர் கொண்டு வந்தப்போ, "கட்டில்ல உக்காந்து சாப்பிடுப்பா"ன்னேன். "படுக்கற எடத்துல சோறு துன்றதா?"ன்னு ஒரே பிடிவாதம். நின்னுக்கிட்டே ரெண்டு இட்லியை முழுங்கிட்டு தன் ஊரு படவேட்டுக்குக் கிளம்பிட்டாரு.

அப்புறம் போன்ல, "இனிமே நான் வரலம்மா. உனக்கும் சிரமம், எனக்கும் சிரமம்"னுட்டாரு.

எனக்கு மனசே ஆறல. பெத்த அப்பா என் வூட்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியலன்னா நான் இன்னா குடும்பம் நடத்தறேன்? உடனே போன் போட்டேன். "டேபிள் வாங்கறேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா!"

"பாக்கலாம்"னாரு.

எங்க அப்பா பாக்கலாம்னு சொன்னா பாதி சம்மதம். மீதியை டேபிள் பாத்துக்கும்னு நம்பி, எங்க வூட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனுஷன். "இது தேக்கு மேடம். இது ரப்பர் மரம். இது கண்ணாடி டாப்பு, லேட்டஸ்ட்டு"ன்னு ஒண்ணொண்ணா காட்டினாரு. எனக்கு கண்ணாடி மேல ஆசை. பளபளன்னு இருந்துச்சு.

எங்க வூட்டுக்காரர் குனிஞ்சு பாத்தாரு. நிமிர்ந்து பாத்தாரு.

"இன்னாமே, கீழ காலு தெரியுதே! எதிர்ல இருக்கறவன் காலைப் பாத்துக்கினே சோறு துன்னணுமா?"

கண்ணாடி அவுட்!

அடுத்து சேர். கை வச்ச சேர்ல இவரு உக்காந்தாரு. உக்காந்ததும் யாரும் கேக்காமலே ரெண்டு காலையும் தூக்கி மேல வச்சு சம்மணம் போட்டாரு. போட்டது போட்டாச்சு. எடுக்க வரல! வலது முட்டி ஒரு கைப்பிடிக்கு அடியில, இடது முட்டி இன்னொரு கைப்பிடிக்கு அடியில. ஒரு காலை நான் இழுக்க, இன்னொரு காலைக் கடைக்காரர் இழுக்க, இவரு நடுவுல "மெதுவா, மெதுவா"ன்னு கத்த, சோபா பாக்க வந்த ஒரு குடும்பமே எங்களைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"சார், டைனிங் சேர்ல காலைத் தொங்க வுட்டு உக்காரணும்"னாரு கடைக்காரர், மூச்சு வாங்கிக்கிட்டே.

"காலைத் தொங்க வுட்டா சோறு எறங்காதுங்க."

அப்புறம் நாங்க மரம் பாக்கல, பாலிஷ் பாக்கல. சம்மணம் போட முடியுமா முடியாதான்னு மட்டும் தான் பாத்தோம். கை இல்லாத, அகலமான சேரா தேடி ஒவ்வொண்ணுலயும் ஏறி உக்காந்தோம். நான் புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, இல்லாத சோத்தை வெறும் டேபிள் மேல பிசைஞ்சு கூட பாத்தேன். இவரு பக்கத்துல இருந்து "ரசம் வுடட்டுமா?"ங்கறாரு!

கடைக்காரர் ரொம்ப நேரம் பொறுத்தாரு. "சாப்பாடு முடிஞ்சுதா மேடம்? பில்லு போடலாமா?"

ஒருவழியா நல்ல கனமான மர டேபிள், கூட ஆறு சேர். "டேபிள் காலைக் கழட்டிக் கட்டித் தர்றேன், வூட்ல போய் மாட்டிக்குங்க"ன்னாரு.

"ஐயோ வேணாம்!"னேன். போன வருஷம் ஒரு அலமாரி அப்படித்தான் வாங்கினோம். மாட்டி முடிச்சப்புறம் இவரு கையில நாலு ஸ்க்ரூ மிச்சம் இருந்துச்சு. இன்னி வரைக்கும் அந்த அலமாரியைத் திறக்கறப்போ சாமி கும்பிட்டுட்டு தான் திறக்கறோம். "மாட்டினாப்லயே ஏத்திடுங்க."

அடுத்து நடந்த அத்தனைக்கும் இது தான் பிள்ளையார் சுழி.

குட்டி யானை லோடு வண்டில நடுவுல டேபிள், இந்தப் பக்கம் மூணு சேர், அந்தப் பக்கம் மூணு சேர். எல்லாத்தையும் கயிறு போட்டுக் கட்டியாச்சு. டிரைவர் அண்ணன் பாத்துட்டு, "இன்னாம்மா, பந்தியே போட்டுட்டீங்க! இலை மட்டும் தான் பாக்கி"ன்னாரு. நானும் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

முன்னாடி சீட்ல நாங்க மூணு பேரும் நெருக்கி உக்காந்தோம். மலை ரோடுன்னா எனக்கு வயித்தைப் புரட்டும். அதனால வழக்கம் போல மூக்குல எலுமிச்சம்பழம், கண்ணு ரெண்டும் மூடி, தலை தொங்கிப் போச்சு. இவரு பக்கத்துல அரைத் தூக்கம்.

அடிவாரத்துல பஸ்ஸைத் தவற வுட்ட ஜனம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. எங்க மலையில இருக்கறதே கொஞ்சம் பஸ்ஸு. எடம் இருந்தும் நிறுத்தாமப் போனா, அப்புறம் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. அண்ணன் பிரேக் போட்டாரு.

நான் கண்ணைத் திறக்காமலே, "ஏறட்டும்ணே. நின்னுக்கிட்டு வரச் சொல்லுங்க. சேர்ல மட்டும் யாரும் உக்கார வேணாம், கவர் கூடப் பிரிக்கல"ன்னேன்.

"சரிம்மா."

பின்னாடி பிளாஸ்டிக் கவர் நசுங்கற சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு இல்ல, வரிசையா!

அப்புறம் ஒரு கூச்சல். "காலைப் புடி, காலைப் புடி! மெதுவா தூக்கு! உள்ள தள்ளு!"

யாரோ ஆடு ஏத்தறாங்கன்னு நினைச்சேன். "டேபிள் மேல ஆடு ஏறாமப் பாத்துக்கச் சொல்லுங்கண்ணே!"

வண்டி கிளம்புச்சு. மொத வளைவுல எலுமிச்சம்பழத்தையும் தாண்டி பிரியாணி வாசனை வந்துச்சு. ரெண்டாவது வளைவுல சிரிப்புச் சத்தம். மூணாவதுல ஒரு பொம்பளைக் குரல், "சால்னாவ இந்தப் பக்கம் தள்ளுங்கய்யா!"

சால்னாவா? என் புது டேபிள் மேலயா?

கண்ணைத் திறந்தேன். ரோடே சுத்துச்சு. மூடிக்கிட்டேன். "ஏங்க, பின்னாடி இன்னா நடக்குதுன்னு பாருங்க!"

இவரு சைடு கண்ணாடியில எட்டிப் பாத்தாரு. "ஒண்ணும் தெரியல. ஒரு கை மட்டும் தெரியுது. கையில பீஸ் இருக்குது."

அப்போ போன் அடிச்சுது. அப்பா!

"எங்கப்பா இருக்க?"

"வந்துக்கினே இருக்கறேன்மா! நாளைக்கு வர்றதை இன்னிக்கே வந்துடலாம்னு கிளம்பிட்டேன். பஸ் போய்டுச்சு. ஆனா இன்னா ஒரு வண்டி கெடைச்சுது தெரியுமா! மலைக்கு இப்பல்லாம் டேபிள் சேர் போட்டு வண்டி வுட்டுக்கிறானுங்க! நாலு பேர் சேந்து என்னைத் தூக்கி உக்கார வச்சாங்க. ஒரு புண்ணியவதி பிரியாணி குடுத்தா. நானும் உனக்குக் கொண்டாந்த வாழைப்பழத்துல ஒரு சீப்பு எடுத்து வச்சேன். காலை நீட்டிக்கினு ராஜா மாதிரி வர்றேன்!"

எனக்கு எலுமிச்சம்பழம் கையில இருந்து நழுவி விழுந்துச்சு.

"அப்பா... முன்னாடி சீட்ல யாரு இருக்காங்கன்னு பாரு."

"யாரோ ஒரு பொம்பள தலையைத் தொங்கப் போட்டுக்கினு குந்திக்கினு கீது. பாவம், இன்னா சீக்கோ."

சிக்னல் கட்!

"வண்டியை நிறுத்துங்கண்ணே!"ன்னு கத்தினேன். "வளைவுல நிறுத்த முடியாதும்மா, ஊர் வந்துடட்டும்"னாரு அவரு. மீதி மலை பூரா நான் அழுதேனா சிரிச்சேனான்னு எனக்கே தெரியல. இவரு மட்டும் தெளிவா சிரிச்சாரு.

ஊர்ல இறங்கி ஓடிப் போய்ப் பாத்தேன். டேபிள் மேல பேப்பர் விரிச்சு, சுத்தி ஆறு பேர். நடு சேர்ல அப்பா. அவருக்கு எதிர்ல பக்கத்து ஊர் காசியம்மாக்கா, கையில கரண்டியோட.

"வாம்மா, உனக்கு ஒரு பீஸ் எடுத்து வச்சிருக்கிறேன்"னாங்க.

"அடியே, அது நீயா?"ன்னாரு அப்பா.

"அப்பா, இது நான் உனக்காக வாங்கின டேபிள்ப்பா!"

"அதான பாத்தேன்! உக்காந்ததும் சொந்த வூடு மாதிரி இருந்துச்சே!"

வந்தவங்க எல்லாரும் சேந்து டேபிளை வூட்டுக்குத் தூக்கினாங்க. வாசல்ல போய் நின்னுடுச்சு. நேரா போவல. பக்கவாட்டுல போவல. தலைகீழா கவுத்தும் போவல. கால் மாட்டாம வந்திருந்தா போயிருக்கும். எங்க வூட்டுக்காரர் என்னைப் பாத்தாரு. டேபிள் காலைப் பாத்தாரு. மறுபடியும் என்னைப் பாத்தாரு.

கழட்ட ஸ்பேனர் இல்ல. டேபிளை வெளியே பலா மரத்தடியில போட்டோம்.

காலையில மலை இறங்கறதுக்கு முன்னாடியே சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் கொழம்பும் ஆக்கி மூடி வச்சிருந்தேன். "சாப்பிடுப்பா"ன்னேன்.

"பசியே இல்லம்மா"ன்னாரு.

"ஊரே சாப்பிட்டுச்சு. நீயும் சாப்பிட்ட. என் டேபிள்ல என் சோறு மட்டும் யாருக்கும் வேணாம்!"னு அத்தனை பேர் எதிர்லயும் அழுதுட்டேன்.

அப்பா சேரை டேபிள் கிட்ட இழுத்துப் போட்டாரு. "போட்டு எடுத்துக்கினு வா"ன்னாரு.

சாப்பிட்டாரு. உக்காந்து, நிதானமா, ரெண்டு தடவை கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. பக்கத்து சேர்ல எங்க வூட்டுக்காரர் சம்மணம் போட்டு உக்காந்து அவரும் ஒரு தட்டு. எனக்கு வானத்துல பறக்கற மாதிரி இருந்துச்சு.

கை கழுவிட்டு அப்பா சொன்னாரு, "இனிமே மாசா மாசம் வர்றேன்மா."

"நிஜமாவாப்பா!"

"நிஜமா தான். ஆனா இந்த பஸ்ஸுல காலை நீட்ட முடியல. டேபிள் சேரை மட்டும் அந்த வண்டியில ஏத்தி அடிவாரத்துக்கு அனுப்பி வுட்டுடு."

அடுத்த மாசம் டேபிள் கீழ இறங்குது. காசியம்மாக்கா ஓரத்து சேருக்கு இப்பவே சொல்லி வச்சிட்டாங்க.