சம்பந்திக்கு, ட்ரெய்லரில் ஆறு விளக்கு போட்ட விவரம்

கோட்டையூர்,
ஐப்பசி 14.

நெற்குப்பையில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி செம்மலை அவர்களுக்கு, கோட்டையூரிலிருந்து பூமிநாதன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் ஈஸ்வரியும் சௌக்கியம். ஜீப்பும் ட்ரெய்லரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை கதிரவனும் எங்கள் சுபலட்சுமியும், புதிதாகக் கட்டிய குளியலறைச் சுவரும் சௌக்கியமாக இருப்பதாக நம்புகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் 'ட்ரெய்லர்' என்ற சொல் என் வாயிலிருந்து வந்த உடனே தங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. மூன்று தடவை அப்படி ஆயிற்று. கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

விஷயம் இதுதான். கார்த்திகை எட்டாம் தேதி காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் சுபாவுக்கு வளைகாப்பு. அந்நேரத்துக்குச் சீரோடு நிற்க வேண்டுமென்றால் நாங்கள் முதல் நாள் ராத்திரியே வந்துவிட வேண்டும். வளையல் போட்ட கையோடு பிள்ளையை இங்கே அழைத்துவர வேண்டும். அவளுக்கோ இடுப்பு வலி. கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஜீப்பில் கூட்டிவந்து, வழியில் நாலு இடத்தில் நிறுத்தி, பின்னால் இருக்கும் ட்ரெய்லரில் ஏறிக் கட்டிலில் படுத்து எழுந்து, அதிலேயே கழிவறைக்கும் போய் வந்தால் அலுப்பில்லாமல் வீடு வந்து சேருவாள். ஓடும்போது அதில் யாரும் இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நிற்கும்போது அது ஒரு வீடு. ஆனால் தாங்கள் மாப்பிள்ளையிடம், "சம்பந்தி எப்ப வேணும்னாலும் வரட்டும், அந்த வண்டி மட்டும் பஸ் ஸ்டாப்பத் தாண்டி இங்குட்டு வரக்கூடாது" என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். அந்தத் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

புரட்டாசியில் நடந்ததை முதலில் பேசி முடித்துவிடுவோம். அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் ஓட்டி, ஊர் சனத்தையெல்லாம் கோயில் கோயிலாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டவன் நான். ஈஸ்வரியை ஒரு கோயிலுக்கும் கூட்டிப்போனதில்லை. அதற்காகத்தான் ஓய்வு பெற்றதும், காரைக்குடியில் ஒரு விடுதிக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்காக வாங்கி ஓடாமல் நிறுத்தி வைத்திருந்த இந்த ட்ரெய்லரை வாங்கினேன். சம்பந்தியம்மா இதை நாய் பிடிக்கிற வண்டி என்று சொன்னதாகக் கேள்வி. பரவாயில்லை. பழனிக்குப் போய்த் திரும்பும் வழியில் பிள்ளையைப் பார்க்கலாமென்று ராத்திரி எட்டு மணிக்குத் தங்கள் சந்துக்குள் பின்பக்கமாக ஏற்றினேன். தெருவிளக்கு இல்லை, ஒரே கும்மிருட்டு. பஸ்ஸைப் பின்னால் எடுப்பது வேறு, இது வேறு. இதில் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லரின் பின்புறம் இடது பக்கம் போகும். அது போன இடத்தில் தங்கள் குளியலறைக் கதவு நிலை இருந்தது. மாட்டிக்கொண்டது தெரியாமல் நான் வண்டியை முன்னால் எடுத்தேன். கதவும் நிலையும் முன்சுவரும் கூடவே கிளம்பி வந்துவிட்டன. தாங்கள் உள்ளே இருந்தது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தலையில் சீயக்காயும் கையில் செம்புமாக நின்ற அந்த நிலையிலும் தாங்கள், "வாங்க சம்பந்தி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டீர்களே, அந்தப் பண்பை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

ஆக, குற்றம் இருட்டின் மேல். இருட்டை ஒழித்துவிட்டால் குற்றம் இல்லை. இதை நான் அன்று ராத்திரியே கண்டுபிடித்துவிட்டேன்.

சாக்கோட்டையில் சின்னக்கருப்பு என்று ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். டிராக்டருக்கும் அறுவடை மிஷினுக்கும் விளக்கு போடுவதில் கெட்டிக்காரர். அவரிடம் கொண்டுபோய், ட்ரெய்லரின் முதுகில் இரண்டு எல்.இ.டி. விளக்கு போடச் சொன்னேன். ஜீப்பின் ரிவர்ஸ் விளக்கிலிருந்தே கரண்ட் எடுத்தால் போதும் என்று யோசனை சொன்னது நான். அவர் வேண்டாம் என்றார். நான் முப்பத்தோரு வருஷத்தைச் சொன்னேன். அவர் அதற்குமேல் பேசாமல் இணைத்தார். ரிவர்ஸ் கியரைப் போட்டதும் பின்னால் இரண்டு சூரியன் உதித்தது. எண்ணி மூன்று நொடியில் ஃபியூஸ் போய், புது விளக்கோடு ஜீப்பின் பழைய விளக்கும் சேர்ந்து அஸ்தமனமாகிவிட்டது. பிறகு அவர் தன் இஷ்டப்படி ட்ரெய்லருக்கென்று தனி பேட்டரி வைத்து, நடுவில் ஒரு ரிலே போட்டு, ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் எரியும்படி செய்து கொடுத்தார். நன்றாகத்தான் எரிந்தது. இரண்டே போதும் என்று அவர் சொன்னார். எனக்குப் போதவில்லை.

அடுத்த இரண்டு விளக்கை வீட்டில் நானே பொருத்தினேன். ஜீப்பையும் ட்ரெய்லரையும் இணைக்கும் சாக்கெட்டில் ஏழு துளை இருக்கிறது, ஏழுக்கும் ஏழு நிறத்தில் வயர். அதில் ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் காரைக்குடிக்குக் கிளம்பி, முன்விளக்கைப் போட்டேன். அதோடு சேர்ந்து முதுகு விளக்கும் எரிய ஆரம்பித்ததை உள்ளே இருக்கும் நான் எப்படி அறிவேன்? பின்னால் வந்த வேன்காரர், வெள்ளை விளக்கைப் பார்த்து நான் ரிவர்ஸில் தன்னை நோக்கி வருவதாக நினைத்து நின்றிருக்கிறார். அப்புறம் தானும் பின்னால் போக ஆரம்பித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் டவுன் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் வைக்கோல் ஏற்றிய லாரி. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டையூருக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்க, நான் கண்ணாடியில் பார்த்து, ஊரில் சாலை ஒழுக்கம் வந்துவிட்டது, எவ்வளவு இடைவெளி விட்டு வருகிறார்கள் பார் என்று ஈஸ்வரியிடம் சொல்லிக்கொண்டு போனேன். நாலு ரோடு சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். சின்ன வயசு, மரியாதையான மனிதர். ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, நீங்க முன்னால போறீகளா, பின்னால வாறீகளா?" என்று கேட்டார். முன்னால்தான் என்றேன். அப்படியானால் அதை அணைத்துவிட்டுப் போங்கள் என்றார். வயரைப் பிடுங்கித்தான் அணைக்க முடிந்தது. மறுநாள் சின்னக்கருப்பு வந்து சரிசெய்தார். சிரிக்கவில்லை, திரும்பி நின்று ரொம்ப நேரம் இருமினார்.

நாலு விளக்கு ஆன பிறகும் பின்னால் இருக்கும் பனைமரம் தெரிந்தது, பக்கத்தில் இருக்கும் சக்கரம் தெரியவில்லை. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக, தரையைப் பார்த்தபடி இரண்டு. மொத்தம் ஆறு. மழை விட்ட ஒரு சாயங்காலம் தெருவில் நிறுத்தி ஆறையும் போட்டுக் காட்டினேன். தெரு பகலாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் கோட்டையூரில் உள்ள ஈசல் அத்தனையும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அதைப் பிடித்து வறுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டியில் தண்ணீரோடு வந்துவிட்டார்கள். விளக்கை அணைக்கப் போனால் இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் அண்ணே என்கிறார்கள். பேட்டரி தீரும்வரை எரிந்தது. தெருவில் இவ்வளவு நல்ல பேர் எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

கடைசியாக, தங்களுக்காகவே ஒரு சோதனை நடத்தினேன். கண்மாய்க் கரைப் பொட்டலில், தங்கள் சந்தின் அகலத்தை மாப்பிள்ளையிடம் கேட்டு அளந்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, குளியலறைக்குப் பதிலாக நாலு கம்பு நட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினேன். ஈஸ்வரியை அதற்குள் நிற்கச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். அதனால் தாங்கள் நிற்கும் இடத்தில் ஒரு குடம் வைத்தேன். இருட்டிய பிறகு பதினோரு தடவை பின்னால் எடுத்தேன். ஒன்பது தடவை அப்பழுக்கில்லை. மற்ற இரண்டில் ஒன்று, நாற்காலியைச் சரியாக அடுக்காததால் ஏற்பட்டது. இன்னொன்றில் குடம் போனது. ஆனால் பழைய குடம். பதினோரு தடவையில் ஒன்பது என்பது பரீட்சையில் எத்தனை மார்க் என்று மாப்பிள்ளையைக் கேட்டால் சொல்வார்.

ஆகவே சம்பந்தி, இனிமேல் எனக்கு இரவும் பகலும் ஒன்று. கார்த்திகை ஏழாம் தேதி ராத்திரி எட்டு மணிக்குத் தங்கள் சந்துக்குள், ஒரு செங்கல்லையும் தொடாமல், ட்ரெய்லரைப் பின்பக்கமாகவே கொண்டுவந்து நிறுத்துகிறேன். தெருவே நின்று பார்க்கட்டும். தாங்கள் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகவே குளித்துவிட்டால் எனக்கும் நிம்மதி. சரி என்று ஒரு வார்த்தை மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்புங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு ஈஸ்வரி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். சுபாவை வெயிலில் அலைய விடாமல் பார்த்துக்கொள்வதற்கு எங்கள் நன்றி. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். குலசாமி தங்கள் வீட்டின் மேல், எல்லாச் சுவர்கள் மேலும், கண் வைத்திருக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
பூமிநாதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஈஸ்வரி இதை வாங்கி வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "தெருவிளக்கு எரிஞ்சுச்சே, இல்லைன்னு எழுதியிருக்கீக?" என்று கேட்டாள். நான் பசையைத் தேடினேன். "அன்னைக்கு உங்களுக்குக் கை காட்ட இறங்கி அதுக்கு அடியிலதான் நான் நின்னேன். நீங்க என்னையவே பாக்கல" என்றாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஆவணியில் ஒரு கண் முகாமில் பார்த்தபோது, இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, ராத்திரியில் வண்டி ஓட்டாதீர்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். டிரைவர் என்ற பேரோடு இருந்தவனுக்கு அதை வாயால் சொல்ல வரவில்லை. சின்னக்கருப்புக்கு இரண்டு விளக்கு போதுமாக இருந்ததும் எனக்கு ஆறு போதாததும் அதனால்தான். பொட்டலில் அப்பழுக்கில்லாமல் எடுத்தது மூன்று தடவை. ஈஸ்வரி எண்ணியிருக்கிறாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. சீட்டை எடுத்து இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஜீப் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய், என் தங்கை மகனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு நாள் கேட்டாள். வருகிற புதன்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

தங்கள் சுவர் விஷயத்தில் நான் இருட்டின் மேல் பழி போட்டது தப்பு. மன்னிக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஜீப்பையும் ட்ரெய்லரையும் அங்கே ஓட்டிப்போகட்டும். வளைகாப்பு முடிந்ததும் அவரே ஓட்டிப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடட்டும். கண் தெரிகிறவர்களுக்கு அந்த விளக்குகள் மிக நன்றாகவே இருக்கின்றன. நானும் ஈஸ்வரியும் முதல் நாள் பகலில் சீர்த் தட்டுகளோடு பஸ்ஸில் வருகிறோம். ஸ்டாப்புக்கு யாரையாவது அனுப்பினால் நல்லது. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் மட்டும் நான் உட்காரக் கூடாதாம். அவருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவேன் என்கிறாள். அது உண்மைதான்.