நாப்பத்தேழு பேர் உள்ள ஊர்

இலங்கையின் பதுளை மலைகளில் ஊரை நினைத்து உருகியவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஊரை ஆள் ஆளாக எண்ணி மனதில் வைத்திருந்தவர் ஒருவர்தான். பசறைப் பக்கம் நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு 'நாப்பத்தேழு' என்றே பெயர். திருச்சிச் சீமையில் மழையை நம்பி வரகு விதைக்கும் சின்னஞ்சிறு ஊர் அவருடையது. மொத்த ஜனம் நாற்பத்தேழு.

அந்த நாற்பத்தேழில் அவரும் சேர்த்தி. இலங்கைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால், "இருக்கேங்க. ஆனா நான் ஊரு ஆளு" என்பார். கங்காணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் பிள்ளை பிறந்ததாகக் கடிதாசி வந்தால் கூலிகள் குடியிருந்த லயம் முழுக்கச் சர்க்கரை கொடுப்பார். அடுத்த கடிதாசியில் ஒரு கிழவர் போய்ச் சேர்ந்திருப்பார். கணக்கு பழையபடி நின்றுவிடும்.

ஒருமுறை மழை பெய்ததும் கங்காணியிடம் லீவு கேட்டார்.

"ஊர்ல வெதப்புங்க."

"இங்க மழ பேஞ்சா அங்க என்னய்யா வெதப்பு?"

"அது எனக்கும் தெரியுங்க. கை வேல செய்ய மாட்டேங்குது."

பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் ஜனக்கணக்கு எடுக்கச் சொன்னது. லயம் லயமாகப் போய் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு ஆள் விடுபட்டாலும் என் வேலை போய்விடும் என்று துரை கண்ணை உருட்டினார். எல்லாரையும் எழுதியாயிற்று, நாப்பத்தேழை மட்டும் காணோம். கடைசியில் கொழுந்துச் சாக்குக் குவியலுக்குள் கண்டுபிடித்தேன். காலை உள்ளே இழுத்துக்கொள்ள மறந்திருந்தார்.

"வெளிய வாய்யா. பேரச் சொல்லு."

"மாட்டேங்க. ரெண்டு எடத்துக்கும் ஒரே ராசா. ஒரு ஆள ரெண்டு தடவ எண்ணுவாரா? இங்க எழுதுனா அங்க அடிச்சிருவாங்க."

"அடிச்சா என்னய்யா?"

"ஊர்க் கெடா வெட்டுல தலைக்கு ஒரு பங்கு கறிங்க. வருசா வருசம் எனக்கும் ஒரு பங்கு வச்சு எங்கக்காகிட்ட குடுக்குறாங்க. பேர அடிச்சா பங்கு நின்னுரும். பங்கு நின்னா நான் செத்தவன்தானேங்க?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். ராஜாவுக்கும் அந்தக் கிடாக்கறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். முடிவில், "நீங்க ராசாவப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் ஏட்டை மூடிவிட்டேன்.

அவர் பேரை எழுதாமலே துரையிடம் போய், "எல்லாரையும் எழுதியாச்சுங்க" என்றேன். வேலை தப்பியது.

மறுவாரம் நாப்பத்தேழு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, அக்காவுக்கு ஒரு கடுதாசி எழுதணும். அடுத்த கெடா வெட்டுல உங்களுக்கும் ஒரு பங்கு வைக்கச் சொல்லி எழுதுங்க. இனிமே நாப்பத்தெட்டு."

அந்தக் கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். அந்த ஊரை இன்றுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் வேறு எந்த ஊரும் என்னை அப்படித் தன்னோடு சேர்த்துக்கொண்டதில்லை. அந்த மனிதரை எனக்கு இன்றும் அவ்வளவு பிடிக்கும்.