வியாழக்கிழமை விடுதலை

தமிழ்ப் பெண்ணின் விடுதலை வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்கு, நாமக்கல்லில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் நடைபெற்று வருகிறது. 'பெண் வாழ்வைச் சிறுகதையாக்கும் மாலை வகுப்பு' என்று பெயர். மாணவர்கள் அனைவரும் ஆண்கள். எனவே விவாதங்கள் நடுநிலையோடு இருக்கும்.

அறிவிப்பை முதலில் பார்த்தவள் என் மனைவி மைதிலி. வகுப்பில் சேரப் பெயர் கொடுத்தவளும் அவளே. ஆனால் ஆறு மணி எங்கள் மாட்டுக்குப் பால் கறக்கும் நேரம். மாடோ அவள் கைக்குத்தான் பழக்கம். ஆகவே அவள் 'சார்பாக' நான் போகிறேன். இதை நாட்குறிப்பில் 'தியாகம்' என்று எழுதினேன். யாருடையது என்று சிறு ஐயம் வந்ததால் அடித்துவிட்டேன்.

"ஏனுங்க மோகன்குமார், உங்க கதாநாயகி அழவே மாட்டேங்கறாளே?" என்றார் ஆசிரியர் குணசீலன். "மூணாவது பத்தியில ஒரு அழுகை வைங்க. மரபோட கொடுமை தெரியோணுமில்ல."

கோழிப்பண்ணை வைத்திருக்கும் மருதாசலம் எழுந்தார். "எங்கூட்டுல அழுகறதுக்கு யாருக்கும் நேரமில்லீங்க சார். எதைப் பாத்து எழுதறது?"

"கற்பனை பண்ணுங்க."

கடைசி வகுப்பில் அவரவர் கதையை அவரவரே வாசிக்க வேண்டும். மைதிலியும் ஒரு கதை எழுதி வைத்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் நீங்க கறங்க. நானே போய் என் கதையைப் படிச்சுட்டு வாரேன்."

"மாடு எனக்குப் பழக்கமில்லையே, மைதிலி."

"கட்டிட்டு வந்தப்ப எனக்கும் பழக்கமில்லீங்க. ரெண்டு ஒதை வாங்கினேன். பழகிருச்சு."

அற்புதமான வாக்கியம். உடனே உட்கார்ந்து அதை என் கதாநாயகி சொல்வதாக எழுதிக்கொண்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது எதிரே பால்வாளி இருந்தது. மைதிலி பஸ் ஏறிப் போயிருந்தாள்.

முதல் உதை இடது முழங்காலில் விழுந்தது. இன்னும் ஒன்று பாக்கி என்று தேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குணசீலன்.

"ஏனுங்க மோகன்குமார், உங்க ஊட்டம்மா இங்க வந்து உக்காந்திருக்காங்க. அங்க மாட்டை யாருங்க பாக்கறா?"

குரலில் உண்மையான கவலை. நல்ல மனிதர்.

சாணத்தில் உட்கார்ந்தபடி யோசித்துப் பார்த்தேன். இத்தனை வியாழன் நான் அந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறைகூட என் மாட்டைப் பற்றி அங்கே யாரும் விசாரித்ததில்லை.